வெயிலில் நிற்கிற வேலை, கன்னத்தில் மங்கு: மினரல் சன்ஸ்கிரீனா, கெமிக்கலா?

கிரவுண்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36, நல்ல மாநிறம். காலை பிரேயரில் ஆரம்பித்தால் பீரியடுக்குப் பீரியடு கிரவுண்டில்தான் நிற்க வேண்டும். சாயங்காலம் கோ-கோ டீமுக்குப் பயிற்சி. மர நிழல் என்று சொல்ல ஒரே ஒரு வேப்பமரம், அதுவும் காம்பவுண்டு ஓரத்தில்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலேயும் மங்கு விழுந்துவிட்டது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, பால் கொடுப்பதால் இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள், எஸ்பிஎஃப் 50 இருந்தால் நல்லது என்று அனுப்பிவிட்டார். எந்த வகை என்று கேட்க நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம்.

முதலில் ஒரு கெமிக்கல் ஜெல் வாங்கினேன். பூசினது தெரியவே தெரியாது, நல்லா இருந்தது. ஆனால் இரண்டாவது பீரியடுக்குள் நெற்றி வேர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கி அப்படி ஒரு எரிச்சல். பிள்ளைகள் உயரம் தாண்டுகிற நேரத்தில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? அதை விட்டுவிட்டு ஜிங்க் ஆக்சைடு போட்ட மினரல் வாங்கினேன். எரிச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் முகம் சாம்பல் பூத்துத் தெரிகிறது, போட்டோவில் லேசான ஊதா. அதனால் பட்டாணி அளவுதான் எடுக்கிறேன். மங்கு குறைந்த மாதிரித் தெரியவில்லை.

வீடியோ பார்த்தால் ஒருவர் கெமிக்கல் ரத்தத்தில் கலக்கும் என்கிறார், இன்னொருவர் மினரல் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது என்கிறார். எட்டு மாதக் கைக்குழந்தை இருப்பதால் எனக்கு இதில் நிஜமாகவே பயம் இருக்கிறது. தினமும் போடுவதற்கு எதைத்தான் வாங்க வேண்டும்?

இன்னொரு சின்ன விஷயம். ஜெல் போட்ட நாட்களில் வெள்ளை டீ-ஷர்ட் காலரில் ஆரஞ்சு நிறத்தில் கறை படிந்தது. ப்ளீச்சிங் போட்டும் போகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தென்காசிச் சாரல்:

டீச்சர், யோசிக்கவே வேண்டாம், மினரல்தான். கெமிக்கல் சன்ஸ்கிரீன் தோல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது. பால் கொடுக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஜிங்க் தோலுக்கு மேலேயே நின்று வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கெமிக்கல் வெயிலை உள்ளே வாங்கிச் சூடாக மாற்றும், அந்தச் சூட்டில் மங்கு இன்னும் கூடும். என் அண்ணி இரண்டு பிரசவத்துக்கும் மினரல்தான் போட்டார். வெள்ளையாகத் தெரிவதை ஒரு பொருட்டாக எடுக்காதீர்கள், உடம்பு முக்கியம்.

கலவைக்காரி:

வணக்கம் டீச்சர். நான் அழகுசாதனப் பொருள் தயாரிக்கிற ஆலையின் லேபில் கிரீம், லோஷன் கலவை போடுகிறவள். சன்ஸ்கிரீன் என் அன்றாட வேலை. டாக்டர் அல்ல, ஆகவே சிகிச்சை பற்றிப் பேச மாட்டேன். டியூபுக்குள் என்ன இருக்கிறது, அது முகத்தில் போய் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது டின்ட் போட்ட மினரல். அதாவது ஜிங்க் ஆக்சைடோடு அயர்ன் ஆக்சைடும் சேர்த்து, தோல் நிறத்துக்குக் கொண்டுவந்த சன்ஸ்கிரீன். மங்கு, வேர்வை, கண் எரிச்சல், தாய்ப்பால் நாலும் ஒன்றாக இருக்கிற உங்களுக்கு அதுதான் பொருந்தும். மங்கு இல்லாமல் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒருவர் கேட்டிருந்தால், பூசினது தெரியாத கெமிக்கல் ஜெல்லையே தயங்காமல் சொல்லியிருப்பேன்.

சாரல் சொன்ன ரத்த விஷயம் உண்மைதான், ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். 2019-ல் அமெரிக்க எஃப்டிஏ 24 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. உடம்பில் முக்கால் பாகத்துக்கு, ஒரு நாளைக்கு நாலு முறை, நாலு நாள் கெட்டியாகப் பூசி ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் 0.5 நானோகிராமுக்கு மேல் போனால் அந்தப் பொருளைப் பற்றிக் கூடுதல் பாதுகாப்புச் சோதனைகள் வேண்டும் என்பது அவர்களுடைய வரம்பு. கெமிக்கல் சன்ஸ்கிரீனில் இருக்கிற அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன், ஆக்டோக்ரைலீன் எல்லாமே அதைத் தாண்டின. கெடுதல் செய்தது என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. சன்ஸ்கிரீனை நிறுத்தாதீர்கள் என்றுதான் எஃப்டிஏவும் சொன்னது. அதே 2019-ல் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு இரண்டையும் 'பாதுகாப்பானது, பலன் தருவது' என்ற பிரிவில் வைக்க முன்மொழிந்து, 12 கெமிக்கல் ஃபில்டர்களுக்கு, அதாவது கதிரைத் தடுக்கிற பொருள்களுக்கு, இன்னும் தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய், தகவல் முழுதாக வரும்வரை மினரலோடு இருந்துகொள்வது நியாயமான முடிவு. ஆனால் இதுவரை ஜெல் போட்டதை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் நீங்கள் பூசியது அந்தச் சோதனை அளவில் ஒரு சிறு பகுதிதான்.

ஜிங்க் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பல டப்பாக்களிலும் எழுதியிருக்கிறார்கள், அது சரியல்ல. அளந்து பார்த்தால் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத்தான் அது சிதறடித்துத் திருப்புகிறது. மீதியை உறிஞ்சிக்கொள்கிறது. கெமிக்கலும் உறிஞ்சுகிறது, மினரலும் உறிஞ்சுகிறது, இரண்டிலும் அந்தச் சக்தி கடைசியில் மிகச் சிறிய சூடாகத்தான் மாறுகிறது. கிரவுண்டில் வெயில் நேராக முகத்தில் ஏற்றுகிற சூட்டுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது.

அப்புறம் எதில்தான் வித்தியாசம் என்றால், கரைகிறதா இல்லையா என்பதில். கெமிக்கல் ஃபில்டர்கள் எண்ணெயில் கரைந்துவிடும். தண்ணீரில் கரைந்த சர்க்கரைக்கும் தண்ணீரில் கலக்கிய அரிசி மாவுக்கும் உள்ள வித்தியாசம் இது. கரைந்ததால் கெமிக்கல் கண்ணுக்குத் தெரியாது. அதே காரணத்தால் வேர்வையும் எண்ணெயும் வழியும்போது கூடவே வழிந்து கண்ணுக்குள் போகும். ஜிங்க் ஆக்சைடு பொடி, எண்ணெயிலும் கரையாது, தண்ணீரிலும் கரையாது. லேபில் அதைச் சுழலும் கத்தியில் வேகமாக அடித்து, கட்டி உடைத்து, எண்ணெயில் பரப்ப வேண்டியிருக்கிறது. சரியாக உடையாமல் விட்டால், கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்க்கும்போது வெள்ளைப் புள்ளியும் வெற்றிடமும் மாறி மாறித் தெரியும். அந்த வெற்றிடத்தில் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் மினரல் டியூபை வாங்கினதும் நன்றாகப் பிசைந்துவிட்டு, பாட்டிலாக இருந்தால் குலுக்கிவிட்டு எடுக்கச் சொல்கிறேன்.

துகள் பெரிதாக இருந்தால் முகம் வெளுத்துத் தெரியும். துகளைச் சிறிதாக்கினால் வெளுப்பு குறையும், ஆனால் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். மாநிறத் தோலுக்கு மேல் அந்த நீலம் விழும்போது நீங்கள் போட்டோவில் பார்த்த ஊதா வருகிறது. இதைச் சரிசெய்யத்தான் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று அயர்ன் ஆக்சைடுகளைச் சேர்க்கிறோம். நம் தோலுக்கு மஞ்சள் தூக்கலாக இருக்க வேண்டும், சிவப்பு ஒரு துளி கூடினாலும் செங்கல் நிறம் அடிக்கும். கடையில் பார்க்கும்போது மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள், தாடை ஓரத்தில் தடவி வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை ட்யூப்லைட்டில் எல்லாமே பொருந்துகிற மாதிரித்தான் தெரியும்.

டின்ட் அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், உங்களுக்கு அதுதான் முக்கியம். மங்கை ஏற்றுவது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும்தான், குறிப்பாக நீலமும் ஊதாவும். 2010-ல் வந்த ஓர் ஆய்வில் கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் அந்த வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கறுத்த தோலில் கருமை ஏறி நாள்கணக்கில் நின்றது, வெளுத்த தோலில் அப்படி ஏறவில்லை. சன்ஸ்கிரீன் பற்றிய அறிவுரை நிறைய வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டது, அதில் நமக்கு வேண்டிய இந்தப் பாதி விட்டுப்போகிறது என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். நிறமில்லாத சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 100 ஆகவே இருந்தாலும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அயர்ன் ஆக்சைடு அதைப் பிடித்துக்கொள்ளும். 2014-ல் மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்து, பாதிப் பேருக்குச் சாதாரண சன்ஸ்கிரீனும் பாதிப் பேருக்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்ததும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டாவது குழுவில்தான் மங்கு அதிகம் குறைந்திருந்தது.

டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் பாருங்கள். சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் அயர்ன் ஆக்சைடு இருக்கிறது. ஜிங்க் ஆக்சைடு கட்டாயம் இருக்க வேண்டும். டைட்டானியம் டைஆக்சைடு மட்டும் போட்ட மினரல்களும் விற்கிறார்கள். புற ஊதாவில் நீண்ட அலையான யூவிஏ கதிரில் டைட்டானியம் பலவீனம், மங்குக்கு அது போதாது. முன்பக்கத்தில் பிஏ+++ அல்லது பிஏ++++ பாருங்கள். எஸ்பிஎஃப் என்பது பெரும்பாலும் தோலைச் சிவக்கவைக்கிற குறுகிய அலை யூவிபிக்கான கணக்கு, பிஏதான் யூவிஏக்கு. எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்தைவிட நீங்கள் பூசுகிற அளவுதான் பெரிய விஷயம்.

எஸ்பிஎஃப் சோதனை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் நடக்கிறது. ஜனங்கள் நிஜத்தில் பூசுவது அதில் பாதியோ கால்வாசியோதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும், தோராயமாக ஒன்றேகால் கிராம். அப்படிப் போட்டால் 50 கிராம் டியூப் 40 தடவைக்கு வரும். தினம் ஒரு முறை போடுகிற வீட்டில் ஒரு டியூப் நாலு மாதம் ஓடுகிறது என்றால், மேலே எழுதிய எஸ்பிஎஃப் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பட்டாணி அளவு ஜிங்க் உங்களுக்கு உதவாமல் போனதற்குக் காரணம் இதுதான். மினரல் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது என்ற பேச்சும் இதிலிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. வெளுக்கிறதே என்று மெல்லிசாகப் பூசுகிறார்கள், பிறகு பலனில்லை என்கிறார்கள்.

காலர் கறைக்குக் காரணம் அவோபென்சோன். லேபிளில் 'பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன்' என்று ஒரு நீளமான பெயராக இருக்கும். துணியில் ஒட்டினது, தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்தால் துரு நிறத்தில் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு போர் தண்ணீராக இருக்கும் என்று நினைக்கிறேன். ப்ளீச்சிங் போடப் போட அது இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறோ, கடையில் கிடைக்கிற சிட்ரிக் அமிலமோ தண்ணீரில் கரைத்து ஊறவைத்து அலசுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் நன்றாகக் குறையும்.

சேலம் மல்கோவா:

கலவைக்காரி அக்கா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். மகளிர் குழுக் கடன் வசூலுக்கு ஸ்கூட்டியில் கிராமம் கிராமமாகப் போகிற வேலை எனக்கு. மங்கு வந்து பல வருடம் ஆகிறது, இப்போது டின்ட் மினரல்தான் போடுகிறேன்.

டீச்சர், டின்ட் போட்டால் மேக்கப் போட்டது போல ஆகிவிடுமோ என்று யோசிக்காதீர்கள். முதலில் முகத்தில் ஐந்தாறு இடத்தில் பொட்டு வைத்து, தேய்க்காமல் விரல் நுனியால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். தேய்த்தால் புருவத்திலும் முடி ஓரத்திலும் திட்டாக நிற்கும். இரண்டு விரல் அளவை ஒரே தடவையில் போட்டால் எனக்குப் பிசுபிசுக்கும். அதனால் பாதியைப் பூசி, தலை வாரி முடித்துவிட்டு மீதியைப் பூசுகிறேன். முகம் அப்படியே என் நிறத்தில் இருக்கிறது.

துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கும்போது கன்னத்துச் சன்ஸ்கிரீனில் பாதி துணியோடு வந்துவிடும், அதுவும் மங்கு இருக்கிற அதே இடத்தில். போய்ச் சேர்ந்ததும் அந்த இடத்துக்கு மட்டுமாவது மறுபடி வையுங்கள்.

ராத்திரி வெறும் ஃபேஸ்வாஷ் போட்டால் எனக்கு மினரல் முழுதாகப் போவதில்லை, துவாரத்தில் தங்கிப் பரு வரும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் ஃபேஸ்வாஷ் போடுகிறேன். பரு அதிகம் வருகிற தோலுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துவராது, அவர்கள் மைசெல்லர் வாட்டர் (பஞ்சில் நனைத்து மேக்கப் துடைக்கிற திரவம்) வாங்கிக்கொள்ளலாம்.

விலைதான் உறுத்தும். நான் வாங்குவது 50 கிராம் 650 ரூபாய். புடவைக்குக் கொடுக்கிறோம், முகத்துக்குக் கொடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

கோவளம் அலை:

கடலில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறவன். எங்கள் ஆட்கள் மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொள்வது ஜிங்க் ஸ்டிக். கெட்டி மெழுகு, அலையில் அடித்தாலும் நிற்கும், கண் எரியாது. டீச்சர் நெற்றிக்கு மட்டும் அதை முயற்சி செய்யலாம்: புருவத்துக்கு மேலே குறுக்காக ஒரு கோடு அழுத்தமாகப் போட்டு விரலால் பரப்பினால் வேர்வை கீழே இறங்குவது குறையும். டின்ட் ஸ்டிக்கும் கிடைக்கிறது.

கெமிக்கல் பவளப் பாறைக்குக் கெடுதல் என்பதால் மினரல் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு கெமிக்கலில் எது இருந்தாலும் அந்தச் சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடுக்கும் சட்டத்தை ஹவாய் 2018-ல் போட்டது, 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பலாவ் என்ற பசிபிக் தீவு நாடு 2020-லேயே தடுத்துவிட்டது. நல்லதுதான், நானும் கடலில் மினரல்தான் போடுகிறேன். ஆனால் நம் மன்னார் வளைகுடாவில் 2016-ல் பவளம் வெளுத்ததற்குக் கடல் சூடானதே காரணம், அதை மறந்துவிட்டு டியூபின் மேல் மட்டும் பழி போடக் கூடாது.

எங்களுக்கு முதல் பாதுகாப்பு முழுக்கைச் சட்டைதான். சன்ஸ்கிரீன் மீதி இடத்துக்கு.

கிரவுண்டு டீச்சர்:

இவ்வளவு பொறுமையாக எழுதினதற்கு ரொம்ப நன்றி. டின்ட் என்பது நிறத்துக்காக மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எலுமிச்சை வைத்தியம் வேலை செய்கிறது, காலர் கறை பாதிக்கு மேல் போய்விட்டது. எங்களுடையது போர் தண்ணீர்தான்.

இன்னும் மூன்று சந்தேகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும் என்கிறார்கள். பீரியடுக்கு நடுவில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், முகமெல்லாம் புழுதியும் வேர்வையும். அதன் மேலேயே பூசலாமா? பவுடர் சன்ஸ்கிரீன், ஸ்ப்ரே எல்லாம் பார்த்தேன், அவை சரியா?

பக்கத்து வீட்டு அக்கா மருந்துக்கடையில் கேட்டு ஒரு மங்கு கிரீம் வாங்கிப் போடுகிறார். பத்தே நாளில் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கும் ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறார். டாக்டர் மருந்து வேண்டாம் என்றதால் தொடவில்லை, ஆனால் பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது.

பாப்பாவுக்கு எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டுக்கு வண்டியில் போகிறோம். அவளுக்கு நான் போடுவதையே போடலாமா?

கலவைக்காரி:

டீச்சர், அந்த கிரீமைத் தொடாததற்கு மிகவும் சந்தோஷம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டியூபில் மோமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று மூன்று பெயர் இருக்கிறதா பாருங்கள். மோமெட்டாசோன் ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு எழுதி, இத்தனை வாரம்தான் என்று கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. பத்து நாளில் பளிச்சென்று ஆவது உண்மை. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, முகத்தில் முடியும் பருவும் வந்து, நிறுத்தினால் எரிச்சலும் பழைய கருமையும் திரும்பும். இப்படி ஆன பெண்களை நேரில் பார்த்திருக்கிறேன், என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் அன்பாகச் சொல்லி, டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அவராகவே திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.

மறுபடி பூசுவதற்கு: இரண்டு மணி நேரக் கணக்கு வெளியில் இருக்கும்போதுதான். வகுப்பறைக்குள்ளோ ஸ்டாஃப் ரூமிலோ இருக்கிற நேரத்துக்கு அவ்வளவு கறாராக வேண்டாம், ஜன்னல் ஓரத்து நாற்காலியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடி யூவிபியைத்தான் நன்றாகத் தடுக்கும், யூவிஏ கணிசமாக உள்ளே வரும். கிரவுண்டிலிருந்து வந்தால் ஈரக் கைக்குட்டையால் முகத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ந்ததும் கன்னம், மேலுதடு, மூக்கு, நெற்றிக்கு ஸ்டிக் அல்லது குஷன் வகை (டப்பாவுக்குள் பஞ்சில் ஊறியிருப்பது) டின்ட் மினரல் வைத்துத் தட்டிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. ஸ்டிக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல் ஒரே இடத்தில் மூன்று நாலு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பவுடர் வேண்டவே வேண்டாம். எஸ்பிஎஃப் கிடைக்கிற அளவுக்குப் பவுடரை யாராலும் முகத்தில் ஏற்ற முடியாது, மூச்சில்தான் போகும். ஸ்ப்ரேயும் முகத்துக்கு நேராக அடிக்கக் கூடாது. தோலில் பூசின ஜிங்க் உள்ளே போவதில்லை, நுரையீரலுக்குப் போகிற தூள் வேறு விஷயம்.

எந்த நேரம் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு கிரவுண்டிலேயே அளவுகோல் இருக்கிறது. பிள்ளைகளின் நிழல் அவர்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா கடுமை. திருநெல்வேலியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும், நிழல் காலடியிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் 11 மணிக்கு மேல் உள்ள பீரியடை வேப்பமரத்துப் பக்கம் மாற்ற முடியுமா என்று எச்.எம்மிடம் கேளுங்கள், பிள்ளைகளுக்கும் நல்லது. சுற்றிலும் மூன்று அங்குலம் விளிம்பு உள்ள தொப்பி போடுங்கள். கிரிக்கெட் கேப் நெற்றியைத்தான் மறைக்கும், கன்னம் அப்படியே வெயிலில் இருக்கும்.

மங்கு எவ்வளவு போகும் என்று என்னால் சொல்ல முடியாது. சன்ஸ்கிரீன் அதை அழிக்காது, மேலும் ஏறாமல் பிடித்து வைக்கும். பால் நிறுத்தின பிறகு டாக்டர் சிகிச்சை தொடங்கினால், அதற்குள் கருமை ஆழமாகாமல் இருப்பது பெரிய உதவி.

பாப்பாவுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டதால் மினரல் போடலாம். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நிழலும் துணியும்தான், கிரீம் கூடாது. உங்களுடைய டின்ட் டியூப் அவளுக்கு வேண்டாம், வாசனை சேர்க்காத சாதாரண ஜிங்க் ஆக்சைடு போதும், வெளுத்துத் தெரிந்தாலும் குழந்தைக்கு என்ன. முந்தின நாளே முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி, சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுவிட்டு, வெளியே தெரிகிற கன்னத்துக்கும் புறங்கைக்கும் பாதத்துக்கும் மட்டும் பூசுங்கள். விரலைச் சூப்புகிற பழக்கம் இருந்தால் கையை விட்டுவிடுங்கள். ஆச்சி வீட்டுக்குக் காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்ப முடிந்தால் இதுகூடத் தேவைப்படாது.